மைக்கைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

"பதிவுல குரலே எடுபடல" என்று யாராவது சொன்னால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மைக் வச்சிருக்கீங்க?" என்பதுதான். பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும்கூட. உடனே ஒரு மாடல் பெயர் வரும், ஷோப்பியில் விலை பார்க்கப்படும், இரண்டு மாதச் சேமிப்பு கரையும். புது மைக் வந்து சேரும். குரல் அப்படியே இருக்கும். சில வீடுகளில் முன்பைவிட மோசமாகவும் இருக்கும்.

நான் பேசுவது பெரிய ஸ்டூடியோக்களைப் பற்றி அல்ல. கிள்ளானிலும் சுங்கைப்பட்டாணியிலும் ஸ்கூடாயிலும் ஈசூனிலும், படுக்கையறை மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சிறுகதை வாசிக்கிற, கவிதை சொல்கிற, பாட்காஸ்ட் நடத்துகிற, சொந்தமாக எழுதிப் பாடுகிற இளைஞர்களைப் பற்றி. இன்று நம் இலக்கியத்தில் கணிசமான பகுதி காது வழியாகவும் பரவத் தொடங்கிவிட்டது. அச்சில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால் பத்து பேர் பிடித்துக்கொள்வோம். ஒலிப்பதிவில் பாதிச் சொற்கள் காணாமல் போனாலும் "நல்ல முயற்சி, தொடருங்கள்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறோம். இந்தப் பாராட்டு அன்பினால் வருவதில்லை. யாரும் முழுசாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் வாதம் எளிமையானது. வீட்டுப் பதிவில் குரல் நலிந்து கேட்பதற்கு மைக் காரணமாக இருப்பது அபூர்வம். தூரம், அறை, இணைப்பு, வாசிக்கும் முறை ஆகிய நான்கும்தான் காரணம். இவற்றில் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது, கவனித்துத்தான் சரிசெய்ய முடியும். கவனிக்காமல் தப்பிப்பதற்கு நாம் சில சாக்குகளை வைத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தச் சாக்குகளுக்கு எதிரானது.

முதல் சாக்கு: "நல்ல மைக் இல்ல ப்ரோ"

"குரல் வீக்கா இருக்கு" என்கிற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. சத்தமே குறைவாக இருப்பது ஒன்று. சத்தம் போதுமான அளவு இருந்தும் ஆள் எங்கோ தூரத்தில் நிற்பதுபோல் கேட்பது இன்னொன்று. வாயில் துணியை வைத்துப் பேசுவதுபோல் மங்கிக் கேட்பது மூன்றாவது. தனியாகக் கேட்டால் நன்றாக இருந்து, பின்னணி இசை சேர்ந்ததும் அமுங்கிப் போவது நான்காவது. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் மருத்துவரிடம் நாம் போகமாட்டோம். ஆனால் இந்த நான்குக்கும் "மைக் மாத்து" என்று ஒரே சீட்டை எழுதித் தருகிறோம்.

இதில் மிகப் பரவலானது இரண்டாவது நோய், தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையேயுள்ள தூரம் இருமடங்கானால் நேராக வந்து சேரும் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். 15 சென்டிமீட்டரில் பேச வேண்டியவர் 120 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மூன்று முறை இருமடங்கு, அதாவது 18 டெசிபல் நஷ்டம். "அதனால என்ன, கெயினைக் கூட்டிக்கலாமே" என்பீர்கள். கூட்டலாம். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி உங்களோடு சேர்ந்து இறங்குவதில்லை. சிறிய அறையில் அது எங்கே வைத்து அளந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். காத்தாடிச் சத்தமும் அப்படியே. 18 டெசிபல் கூட்டினால் குரலோடு சுவரையும் காத்தாடியையும் சேர்த்தே 18 டெசிபல் கூட்டுகிறீர்கள். கேட்பவருக்குக் கிடைப்பது உங்கள் அறையின் ஒலி, அதற்குள் எங்கோ நீங்கள்.

ஆர்.டி.எம். தமிழ் வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வானொலி நாடகத்தில் ஒரு பாத்திரம் வெளியே போகிறது என்று காட்ட நடிகர் மைக்கிலிருந்து இரண்டு அடி பின்னால் நகர்ந்து பேசினால் போதும். காது உடனே புரிந்துகொள்ளும். ஒலியில் தூரத்துக்கு அர்த்தம் உண்டு. உங்கள் கதைசொல்லி கேட்பவரின் காதருகே உட்கார்ந்து பேச வேண்டியவர். அவரை நீங்களே சமையலறைக்கு அனுப்பிவிட்டு, "கேட்பவர்கள் ஈடுபாட்டோடு கேட்பதில்லை" என்று குறைப்படுகிறீர்கள்.

அடுத்தது அறை. நம் தாமான் வீடுகளும் பிளாட்டுகளும் எப்படிக் கட்டப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. தரையில் ஓடு, நான்கு பக்கமும் பூசிய செங்கல் அல்லது கான்கிரீட், சன்னலில் கண்ணாடி. வெப்பத்துக்கு ஏற்ற வீடு, ஒலிப்பதிவுக்கு நரகம். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டியதும் ஒலி செத்துப்போனால் நல்லது. "ட்ரிங்" என்று உலோகம் அதிர்வதுபோல் ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் உங்கள் கைதட்டலை வைத்துப் பந்து விளையாடுகின்றன என்று பொருள். உங்கள் குரலையும் அப்படித்தான் விளையாடும்.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் முட்டை அட்டை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டிப் படமெடுத்துப் போடுகிறார்கள். பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்கும், கேட்பதற்கு ஒன்றும் மாறியிருக்காது. மெல்லிய காகித அட்டை ஒலியைக் குறிப்பிடத்தக்க அளவு உறிஞ்சுவதில்லை. ஒரு அங்குலப் பஞ்சுப் பலகைகளும் கிட்டத்தட்ட அதே கதைதான். அவை உச்ச அதிர்வெண்களை மட்டும் விழுங்கிவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற கீழ்நடு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். அதற்குத் தடிமன் வேண்டும். உங்கள் வீட்டிலேயே ஒரு மெத்தை இருக்கிறது. அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுங்கள். மைக்கின் முன்பக்கம் உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருப்பதையும்தான் கேட்கிறது. பின்னால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை இருந்தால் பாதி வேலை முடிந்தது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் அதற்குச் சமம்தான்.

"வீட்ல தம்பி, தங்கச்சி, டிவி, எங்க போறது?" என்பதும் நியாயமான கேள்வி. எல்லாருக்கும் தனி அறை கிடையாது. ஆனால் நம்மில் பலர் வீட்டு வாசலில் ஒரு மைவி நிற்கிறது. இரவில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து பதிவு செய்து பாருங்கள். துணி இருக்கை, மெத்தென்ற கூரை, சாய்வான கண்ணாடிகள், இணையாக எதிரெதிரே நிற்கும் சுவர்கள் இல்லை. பல ஆயிரம் ரிங்கிட் செலவழித்துச் செய்த அரைகுறை ஸ்டூடியோவைவிடப் பழைய கார் ஒன்று பேச்சுக் குரலுக்கு ஒழுங்காக இருக்கும். வியர்க்கும், உண்மைதான். ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கதவைத் திறந்து காற்று வாங்குங்கள்.

இப்போது மைக்குக்கே வருவோம். ஷூர் எஸ்எம்7பி என்கிற மைக்கைப் பாட்காஸ்ட் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். மைக்கேல் ஜாக்சனின் 1982-ஆம் ஆண்டு 'த்ரில்லர்' ஆல்பத்தில் அவர் குரலைப் பதிவு செய்யப் பயன்பட்டது இதன் மூத்த வடிவமான எஸ்எம்7. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். அதன் மின் வெளியீடு மிகக் குறைவு என்பதைக் கதை சொன்னவர் சொல்வதில்லை. பேச்சுக்கு அதற்குச் சுமார் 60 டெசிபல் கெயின் தேவை. மலிவு விலை இண்டர்ஃபேஸ்களில் பல 50 முதல் 56 டெசிபலிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். திருகை முழுக்கத் திருப்பினால் "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல் வரும். குரலை உயர்த்த வாங்கிய மைக்கினால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும் வேடிக்கை இதுதான். மைக்கில் எந்தக் குறையும் இல்லை. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களிடம் நல்ல முன்பெருக்கி இருந்தது.

அதைவிடச் சில்லறையான காரணங்களும் உண்டு. சில்லறை என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை. பல கண்டென்சர் மைக்குகள் பக்கவாட்டில் கேட்பவை. அவற்றை ஐஸ்கிரீம்போல் நீட்டிப் பிடித்து உச்சியில் பேசுகிறார்கள், அல்லது பின்பக்கத்தைத் தங்களுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் காது கேளாத பக்கம். குரல் மங்கியும் தூரமாகவும்தான் விழும். எக்ஸ்எல்ஆர் கண்டென்சருக்கு 48 வோல்ட் பேண்டம் பவர் வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தாமலேயே மைக் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ப்ளூடூத் காதணியின் மைக்கில் பதிவு செய்தால் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறிவிடும். குரல் தொலைபேசிக் குரலாகச் சுருங்கும். மடிக்கணினியின் இரைச்சல் நீக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் மெதுவாகச் சொல்லும் இடங்களை அது இரைச்சல் என்று எண்ணி வெட்டும்.

இன்னொன்று விசித்திரமானது. தவறான கேபிள் வழியாக மைக்கின் சமநிலை இணைப்பை ஸ்டீரியோ துளையில் சொருகினால், ஒரே குரல் இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் பதிவாகும். ஹெட்போனில் கேட்டால் ஏதோ ஒரு விநோத அகலத்தோடு கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குரல் ஏறக்குறைய காணாமலே போகும். நம் கேட்பவர்களில் பலர் சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துத்தான் கேட்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்கிற பதில் அவர்களுக்கு உதவாது.

இரண்டாம் சாக்கு: "இது இண்டி, ராவா இருக்கட்டும்"

இந்தச் சாக்குதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. ஏனென்றால் இது சோம்பலுக்கு அழகியல் என்று பெயர் சூட்டுகிறது.

மெல்லிய குரல் வேறு, நலிந்த பதிவு வேறு. ஒலிபெருக்கி வராத நாடக மேடைகளில் எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் உச்ச ஸ்தாயியில் பாடினார்கள், கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டுமே. மைக் வந்த பிறகுதான் பி.பி. ஸ்ரீனிவாஸ் மாதிரி ஒரு குரல் சாத்தியமாயிற்று. அவர் கத்தவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் பேசுவதுபோலப் பாடினார். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் நம் முன்னால் வந்து நிற்கிறது. மென்மை அங்கே தேர்வு. அந்தத் தேர்வுக்குப் பின்னால் மைக்கை நெருங்கி நிற்கும் பயிற்சியும், அடங்கிய அறையும், காது கொடுத்துக் கேட்ட ஒலிப்பொறியாளரும் இருந்தார்கள். நம் 'ரா' பதிவுகளில் இவை எதுவும் இல்லை. சொல் புரியாமல் இருப்பதை அந்தரங்கம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

மறுபக்கம் பாருங்கள். யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' 2006-இல் வந்தது. மலேசியத் தமிழ் ராப்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோன ஆல்பம் அது. அதில் தாளம் எவ்வளவு கனமாக இருந்தாலும் சொல் முன்னால்தான் நிற்கும். சொல்லை நம்பி வாழும் கலைக்கு வேறு வழி கிடையாது. கவிதையும் அதே சொல்லை நம்பித்தானே வாழ்கிறது? ராப் பாடகருக்கு இருக்கிற அக்கறை கவிஞருக்கு ஏன் இல்லை?

இதில் தமிழுக்கென்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. வலி, வளி, வழி மூன்றும் மூன்று சொற்கள். தலை, தளை, தழை, இவையும் அப்படியே. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் தடயங்கள் பெரும்பாலும் 1,500 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கின்றன. மைக்கின் தவறான பக்கத்தில் பேசினால் உச்ச, நடு அதிர்வெண்கள்தான் முதலில் மங்கும். அறையின் எதிரொலி பூசி மறைப்பதும் இந்த நுட்பங்களைத்தான். பின்னணியில் நீங்கள் ஆசையாகப் போடும் புல்லாங்குழலும் கீபோர்டும் வந்து உட்காருவதும் அதே பகுதியில்தான். அப்புறம் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் சண்டைதான் பெரிதாகும். உயர்த்துவதற்குப் பதில் இசையில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் குறையுங்கள், குரல் தானாக வெளியே வரும். அதைவிட நல்லது, கவிதைக்குப் பின்னால் இசையே வேண்டுமா என்று ஒருமுறை யோசிப்பது.

"பேச்சுல யாரு ழகரம் சொல்றாங்க?" என்று கேட்கலாம். அது வேறு சண்டை. வாய் சொல்லாததைப் பதிவு தர முடியாது. ஆனால் வாய் சரியாகச் சொல்லியும் பதிவு தின்றுவிட்டது என்றால் அதற்கு யார் பொறுப்பு?

மூன்றாம் சாக்கு: "மிக்ஸிங்ல பாத்துக்கலாம்"

பார்த்துக்கொள்ள முடியாது. குறைவாக விழுந்த குரலை மென்பொருளில் உயர்த்தும்போது அதனோடு விழுந்த எல்லாமே உயரும். இங்கே ஒரு தவறான பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். சிலர் குரல் தாழ்ந்துவிடுமோ என்று கெயினை ஏற்றி, உணர்ச்சிகரமான இடத்தில் ஒலி கிழிந்துபோக விடுகிறார்கள். கிழிந்த ஒலியைத் தைக்க முடியாது. 24 பிட்டில் பதிவு செய்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், மீட்டரில் பச்சை பாதியில் நின்றாலும் பதற வேண்டியதில்லை. அதைப் பிறகு தாராளமாக உயர்த்தலாம், குரலுக்கும் அறை இரைச்சலுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால். அந்த இடைவெளியை மிக்ஸிங் உருவாக்காது. நீங்கள் உட்காரும் இடமும் மைக்கை வைக்கும் இடமும்தான் உருவாக்கும். கடைசியில் வெளியிடும்போது பேச்சுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் என்பது ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்கும் அளவு; ஸ்பாட்டிஃபை பாடல்களைச் சமன்செய்யும் அளவு மைனஸ் 14. இந்த அளவுக்குக் கொண்டுவராமல் போட்டால், முன்னால் ஓடிய நிகழ்ச்சியைவிட உங்கள் குரல் தாழ்ந்து கேட்கும். அதற்கும் "மைக் சரியில்ல" என்பார்கள்.

ரீவெர்ப் இன்னொரு ஒளிவிடம். குரல் மெலிந்து கேட்கிறதென்று ரீவெர்ப் சேர்ப்பது, ஏற்கெனவே தூரத்தில் நிற்கிறவரை இன்னும் தூரம் தள்ளுவது. கம்ப்ரெஸரும் அளவோடுதான் உதவும். தாழ்ந்த இடங்களை உயர்த்தும்போது அது மூச்சையும் காத்தாடியையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இரைச்சல் நீக்கும் கருவிகளை முழு மூச்சாகப் பயன்படுத்துவது. அவை எங்கே வெட்டும் என்று கவனித்துக் கேளுங்கள். குரல் தாழும் இடத்தில் வெட்டும். நம் குரல் எங்கே தாழ்கிறது? வாக்கியத்தின் முடிவில், மூச்சு தீரும் இடத்தில். தமிழில் வாக்கியத்தின் முடிவில் என்ன இருக்கிறது? வினைமுற்று. அந்த வினைமுற்றின் முடிவில்தான் யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. சொன்னான், சொன்னாள், சொன்னால், சொன்னார். கடைசி எழுத்து போய்விட்டால் ஆண், பெண், நிபந்தனை, மரியாதை நான்கும் ஒரே குட்டையில். ஆங்கிலத்தில் "ஷீ" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் முணுமுணுத்தாலும் யார் என்பது தப்பிக்கும். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே கதை எழுதலாம், எழுதுகிறோம். எல்லா எடையையும் வாலில் கட்டிவைத்திருக்கும் மொழி இது. அந்த வாலை வெட்டும் கருவியைத் தெரியாமல் போட்டுவிட்டு, "கதை புரியல" என்று சொல்பவரை ரசனை இல்லாதவர் என்கிறோம்.

அதனால்தான் இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை என்கிறேன். தமிழ் வாக்கியத்தின் கடைசி அசையைக் காப்பாற்றுவது இலக்கிய வேலை.

நான்காம் சாக்கு: "என் குரலே அப்படித்தான்"

மற்ற மூன்றும் சோம்பலிலிருந்து வருபவை. இது காயத்திலிருந்து வருவது. ஆனாலும் இதையும் எதிர்க்க வேண்டும்.

நன்றாக எழுதுகிற ஒரு பெண் தன் கவிதைகளைத் தானே வாசித்துப் பதிவு செய்து ஒரு குழுவுக்கு அனுப்பினார். "உங்க வாய்ஸ் ரொம்ப மெல்லிசு, வேற யாராவது வாசிச்சா எடுபடும்" என்று பதில் வந்தது. அவர் அதற்குப் பிறகு வாசிப்பதையே விட்டுவிட்டார். அந்தப் பதிவைக் கேட்டேன். மேசையில் படுத்திருக்கும் கைப்பேசி, முக்கால் மீட்டர் தள்ளி அவர், தலைக்கு மேல் காத்தாடி, ஓட்டுத் தரை. குரலில் ஒரு குறையும் இல்லை. அறை அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லத் தெரியாதவர்கள் அவர் தொண்டையின்மீது தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. முழங்கும் கட்டைக் குரல் உள்ள ஆண்களின் பதிவு மோசமாக இருந்தால் "மைக் மாத்துங்கண்ணே" என்பார்கள். மெல்லிய குரல் உள்ளவர்களின் பதிவு மோசமாக இருந்தால் "உங்க வாய்ஸ் செட் ஆகல லா" என்பார்கள். அறிவிப்பாளர் குரல் என்று ஒன்றை வார்த்து வைத்திருக்கிறோம். கம்பீரம், முழக்கம், கூட்டத்தில் பேசுவது மாதிரி ஒரு ஏற்ற இறக்கம். ஒரு தாய் தன் இழப்பைப் பற்றி எழுதிய கவிதையை இந்தக் குரலில் வாசித்தால் அது வாழ்த்துரை மாதிரித்தான் இருக்கும். எழுதியவரே வாசிக்கும்போது கிடைக்கும் தயக்கம், நடுக்கம், பேச்சூர் வாடை எல்லாம் அந்தப் படைப்பின் பகுதி. அதை இழப்பதற்குக் காரணம் ஒரு காத்தாடி என்றால் வெட்கமாக இல்லையா?

குரல் நிஜமாகவே தாழ்ந்துபோகும் இடங்களும் உண்டு. அவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பும் வாசிக்கும் முறையும். மடியில் கைப்பேசியை வைத்துக் குனிந்து வாசித்தால் தாடை கழுத்தில் இடிக்கும், மூச்சு பாதிதான் வரும், வாயும் மைக்கை விட்டுத் தரையைப் பார்க்கும். எழுதியதைக் கண் உயரத்துக்கு ஏற்றுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரெதிரே இல்லாமல் சற்றே ஓரமாக மைக்கை வையுங்கள். ப, ப்ப வரும்போது காற்று நேராகப் போய் மோதாது. நெருங்கினால் அடிக்குரல் கனக்கும், விலகினால் மெலியும். அதனால் நடுவில் ஆடாதீர்கள். நீண்ட வாக்கியத்துக்கு எங்கே மூச்சு எடுப்பது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். வினைமுற்று வரை மூச்சை மிச்சம் வையுங்கள். பக்கத்தில் உள்ள ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள், ஆனால் அவருக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை மாலை போதும். ஆனால் மைக் வாங்குவதில் இருக்கிற மகிழ்ச்சி இதில் இல்லை. படம் பிடித்துப் போட ஒன்றும் கிடைக்காது. ஸ்டூடியோ என்று சொல்லிக்கொள்ள முடியாமல், சாய்த்து வைத்த மெத்தைக்கு முன்னால் வியர்வையோடு நிற்க வேண்டும்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம்மில் பலர் இப்போது தாத்தா பாட்டிகளின் தோட்ட வாழ்க்கையைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். அருமையான வேலை. சிங்கப்பூரில் அரசே 1979-இல் வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. தமிழில் எடுத்த நேர்காணல்களும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மலேசியத் தோட்டங்களின் பேச்சை நாமே அங்குமிங்கும் கைப்பேசியில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோப்புகளைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. கைப்பேசி மேசையில், பாட்டி சாய்வு நாற்காலியில், நடுவில் இரண்டு மீட்டர் காற்று, தொலைக்காட்சியில் ஏதோ ஒரு சீரியல். பால்மரம் வெட்டியதைப் பற்றியும், ஜப்பான்காரன் காலத்தைப் பற்றியும், இறந்துபோன பிள்ளையைப் பற்றியும் பாட்டி சொல்கிறார். பெயர்கள் புரிகின்றன. வினைகள் புரியவில்லை. அவன் போனானா, போகலையா? கொடுத்தாங்களா, கொடுக்கலையா? வரலாறே அந்த ஒரு அசையில் இருக்கிறது.

கவிதையை மறுபடி வாசித்துக்கொள்ளலாம். எண்பத்தெட்டு வயதுப் பாட்டியிடம் மறுபடி கேட்க முடியாமல் போகலாம். தொலைக்காட்சியையும் காத்தாடியையும் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஒரு துண்டின்மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்துவதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. அதைச் செய்யாததற்கு எந்த மைக்கின்மீதும் பழி போட முடியாது.

அடுத்த மைக்கை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கதையில் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். அந்தக் கதையைப் படித்திராத ஒருவரிடம் கைப்பேசி ஸ்பீக்கரிலேயே ஓட்டிக் காட்டுங்கள். பிரதியைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதும் நீங்கள் எழுதியதும் ஒத்துப்போனால் உங்கள் மைக் நல்ல மைக். ஒத்துப்போகவில்லை என்றால் மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு சாண் தூரத்தில் நின்று, மறுபடி முதல் வரியிலிருந்து வாசியுங்கள்.